ஆறாவது கிளாஸ்

செலாயாங்கில் நண்பனின் அடுக்குமாடி வீடு. சனிக்கிழமை இரவு. ஐந்து வைன் போத்தல்களுக்கும் கழுத்துவரை பழைய நாளிதழ் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, மேலே எண் எழுதியிருந்தான். சுற்றியவன் குடிக்கிறவன் இல்லை. எது எந்த போத்தல் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி கிளாஸ், ஒரே அளவு. வாயைத் திறந்து பேசுவதற்கு முன்னால் மதிப்பெண்ணைத் தாளில் எழுதிவிட வேண்டும். ஒருவன் "ஆகா" என்றால் போதும், மற்றவர்களின் நாக்கும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

இதைத்தான் பிளைண்ட் டேஸ்டிங் என்கிறார்கள். இதில் பேர்போனது 1976 மே 24 அன்று பாரிஸில் நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள் முன்னால் பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னிய வைன்களையும் பெயர் சொல்லாமல் ஊற்றிவைத்தார். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. லேபிளை மறைத்ததும் பிரான்சின் பெருமை ஒரே மாலையில் ஆட்டம் கண்டது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இருப்பதிலேயே விலை கூடியது நான்காவதாக வந்தது.

அப்புறம்தான் பட்டியலில் இல்லாத ஆறாவது கிளாஸ் வந்தது. கலங்கிய வெள்ளை. மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே ஒருத்தன் கத்திவிட்டான்: "டேய், கள்ளுடா!"

எல்லாரும் சிரித்தோம். கொண்டுவந்தவன் விடவில்லை. "ஏன் சிரிக்கிறீங்க? இதுவும் மரத்தோட வைன்தான். வெள்ளைக்காரன் போத்தல்ல அடைச்சு லேபிள் ஒட்டியிருந்தா இருநூறு வெள்ளி குடுத்து வாங்குவீங்க."

எனக்கு அது சரியென்றே பட்டது. ஆனால் ஒருவன் கிளாஸைத் தொடவே இல்லை. "எங்க பாட்டிக்கு இந்த வாடை வந்தாலே வயித்தக் கலக்கும்டா. அவங்களுக்கு சம்பள நாள்னா இந்த வாடைதான்," என்றான். அறையில் சத்தம் அடங்கிவிட்டது.

அந்தப் பாட்டி சொன்னது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. செலாயாங்கிலிருந்து காரில் போனால் கிள்ளான் அதிக தூரமில்லை. 1941-இல் அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டாம் என்ற உரிமை. இந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூடு. அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். போர் முடிந்தபின் 1947-இல் கெடாவில், பீடோங் பக்கம், தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டது. அங்கேயும் போலீஸ்தான் பதில் சொன்னது.

ஏன் இவ்வளவு கோபம்? இறக்கும்போது இனிப்பாக இருக்கும் தென்னங்கள் தானாகவே நொதித்து, மாலைக்குள் போதையேறி, மறுநாள் புளித்துப்போகும். வைன் மாதிரி அடைத்துவைத்து ஆண்டு எழுத முடியாது. அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே விற்றாக வேண்டும். அதற்குத் தோதாகக் கடை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, அரசாங்க உரிமத்தோடு. வெயிலில் பால்மரம் சீவிச் சம்பாதித்த காசு, வீடு போய்ச் சேரும் முன்பே அங்கே இறங்கியது.

ஆக, கள்ளுக்கு இரண்டு லேபிள்கள் உண்டு. 'கூலிக்காரன் குடி' என்று கிளப்பில் விஸ்கி குடித்துக்கொண்டே துரை ஒட்டியது ஒன்று. அது அவமானம், அதைக் கிழித்துத்தான் ஆக வேண்டும். 'கடையை மூடு' என்று தொழிலாளியே எழுதியது மற்றொன்று. அது சாட்சியம். கள்ளை நம் பாரம்பரியம் என்று கொண்டாடக் கிளம்பும் நம் தலைமுறை, முதலாவதைக் கிழிக்கிற வேகத்தில் இரண்டாவதையும் சேர்த்துக் கிழித்துவிடுகிறது. அன்றைக்கு நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

என் கிளாஸில் இருந்ததைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. தாளில் ஆறாம் எண்ணுக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மற்ற ஐந்துக்கும் நாளிதழ் போதுமாக இருந்தது. இதை மறைக்க எங்களிடம் எதுவும் இல்லை.