கைரேகையும் ஆதார் எண்ணும்

இந்நாளில் நம் சமூகத்துக் குடும்பங்களில் ஆதார் எண் இல்லாத வீடு அரிது. பென்ஷன், ரேஷன், பிள்ளைகளின் உபகாரச் சம்பளம், வருமான வரி ஆகிய எதனைத் தொட்டாலும் அந்தப் பன்னிரண்டு இலக்கங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. தாலுகா கச்சேரி வாசலில் பல நாள் காத்துக் கிடந்து முடித்த காரியங்கள் பலவற்றை இன்று திண்ணையிலிருந்தபடியே கைபேசியில் முடிக்கின்றோம். ஆயினும் இந்த எண்ணுக்குப் பின்னே நூற்றறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் ஒன்று உண்டென்பதையும், அச்சரித்திரத்தில் தமிழர் இரத்தமும் சிந்தியுள்ளதென்பதையும் நம்மவரிற் பலர் அறியார். அதனை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஆதாரின் வேர் கைரேகை. கைரேகையைச் சர்க்கார் காரியத்தில் முதன்முதல் கொணர்ந்த இடம் வங்காளம். 1858-ம் வருஷம் ஜூலை மாதம், ஜங்கிபூரில் உத்தியோகத்திலிருந்த வில்லியம் ஹெர்ஷல் துரை, ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ரோடு போடுவதற்குரிய சரக்குக்காக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். பின்னால் கையெழுத்தை மறுத்துவிடுவாரோ என்னும் ஐயத்தால், பத்திரத்தின் பின்புறத்தில் அவருடைய உள்ளங்கை முழுவதையும் மையிற் தோய்த்துப் பதிப்பித்துக் கொண்டார். அப்பொழுது அவருக்கு ரேகை சாஸ்திரம் ஒன்றும் தெரியாது; மிரட்டி வைப்பதே கருத்து. ஒருவன் விரலைப்போல் மற்றொருவன் விரல் இராதென்பதும், வயது ஏறினும் ரேகை மாறாதென்பதும் பிற்பாடு பல வருஷம் ஆராய்ந்து அவர் கண்டவை. 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாயிருந்தபோது, பத்திரம் ரிஜிஸ்டர் செய்பவர்களிடமும் பென்ஷன் வாங்குபவர்களிடமும் விரற்பதிவு பெறும் வழக்கத்தை ஏற்படுத்தினார். பென்ஷனுக்கு ரேகை எதற்கெனின், இறந்துபோன பென்ஷன்தாரர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிச் செல்லாதிருக்க.

1897-ல் கல்கத்தாவில் ரேகை ஆபீஸ் ஏற்பட்டது. லக்ஷக்கணக்கான ரேகைகளுள் வேண்டிய ஒன்றை நொடியில் தேடியெடுக்கும் வகுப்பு முறைக்கு எட்வர்ட் ஹென்றி துரையின் பெயரே இன்றளவும் வழங்குகின்றது. அதற்கு வேண்டிய கணக்கையும் உழைப்பையும் தந்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய உத்தியோகஸ்தர்கள். பட்டமும் புகழும் எவருக்குப் போய்ச் சேர்ந்தனவென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1901-ல் அம்முறை லண்டனுக்கும் சென்றது.

நிற்க. கைரேகை என்பது நம்பிக்கையினால் பிறந்ததன்று, அவநம்பிக்கையினால் பிறந்தது. அதனை எவரிடம், எக்கருத்தோடு கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் மானமும் அவமானமும் நிற்கும். 1906-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், இந்தியர் யாவரும் ரேகை கொடுத்துப் பதிவுச் சீட்டு வைத்துக்கொள்ளவேண்டுமென்று சட்டம் வந்தபோது காந்தியடிகள் அதனை எதிர்த்தார். சத்தியாக்கிரகம் உருவானது அந்தக் கிளர்ச்சியிலேதான். 1908 ஜனவரியில் சமாதானம் ஏற்பட்டு, கட்டாயமின்றித் தாமாக மனமுவந்து பதிந்துகொள்ளலாம் என்றானபோது, தாமே முன்சென்று ரேகை கொடுக்கப் புறப்பட்டார். அதற்காகவே வழியில் அடியும் பட்டார். உடன் சென்ற தம்பி நாயுடு என்னும் தமிழரும் அடிபட்டார். கட்டாயச் சட்டத்தைச் சர்க்கார் நீக்காது போகவே, அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் ஜோஹான்னஸ்பர்க்கில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் தீக்கிரையாயின. கொடுத்த விரல் ஒன்றே. கட்டாயத்தின்பேரில் கொடுப்பது வேறு, மனமுவந்து கொடுப்பது வேறு என்று காட்டியது அத்தீ.

கடல் கடந்த ஊரில் நடந்தது இருக்கட்டும். நம் மதுரை ஜில்லாவில் நடந்ததைப் பார்ப்போம். 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒருவன் திருடினானா இல்லையா என்று விசாரியாமலே, இன்ன ஜாதியிற் பிறந்தான் என்பதைக் கொண்டே அவனைக் குற்றவாளியென்று ரிஜிஸ்டரில் ஏற்றும் சட்டம் அது. ஏற்றுவதற்கு அடையாளம் பத்து விரல் ரேகை. ஆகவே ஜனங்கள் சட்டத்தின் இங்கிலீஷ்ப் பெயரை விட்டுவிட்டு, ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். மதுரைப் பக்கத்து முதியோர் வாயில் அச்சொல் இன்னும் உண்டு. பதிவானவர் ஊர் விட்டு ஊர் போவதற்கும் சீட்டு வேண்டும். சொன்ன வேளையில் போலீஸார் முன் ஆஜராகவும் வேண்டும். கலியாணமாயினும் சாவாயினும் அதிகாரியின் தயவை எதிர்பார்த்து நிற்கவேண்டியதாயிற்று.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரார் ரேகை கொடுக்கமாட்டோம் என்றனர். 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி அங்கே போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல். இந்தியா முழுமையிலும் ஒழிந்தது 1952-ல். ஆதாருக்காக விரலை வைக்கும்போது மதுரைப் பக்கத்துப் பாட்டிமார் சிலர் கையைப் பின்னிழுத்தால், அதனை அறியாமை என்று நகைத்தல் தகாது. ரேகை என்ற சொல்லுக்கு அவர்கள் அறிந்த பொருள் வேறு.

குடிமதிப்பின் கதை இதனினும் வேறு. 1871-72 முதற்கொண்டு சர்க்கார் ஜாதியைக் கேட்டு எழுதிவந்தது. 1901-ல் ரிஸ்லி துரை ஜாதிகளை மேல்கீழாக வரிசைப்படுத்தப் புகுந்தார். உடனே தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் விண்ணப்பங்கள் குவிந்தன. எங்கள் பெயரை இப்படி எழுது, இன்ன வருணத்திற் சேர், இழிபெயரை நீக்கு என்று ஜாதிச் சங்கங்கள் பல கமிஷனர்களுக்கு எழுதின. நம்மைப் போன்ற சங்கங்கள் பல அந்தக் காலத்தில் வலுப்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்? சர்க்கார் தஸ்தாவேஜில் ஒரு பெயர் ஏறிவிட்டால், அதனோடு மதிப்பும் ஏறும் அல்லது இறங்கும் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். எல்லா ஜாதியையும் முழுமையாக எண்ணிய குடிமதிப்பு 1931-ல் நடந்தது. அதன்பின் வெகுகாலம் அது விடப்பட்டிருந்து, வரும் குடிமதிப்பில் மறுபடியும் ஜாதியைக் கேட்பதென்று மத்திய சர்க்கார் 2025 ஏப்ரலில் முடிவு செய்தது.

இந்தப் பின்னணியில் ஆதாரைப் பார்த்தால்தான் அதன் புதுமை விளங்கும். 2009 ஜனவரி 28-ந் தேதி திட்டக் கமிஷனின்கீழ் தனி அடையாள ஆணையம் ஒன்று ஏற்பட்டது. நந்தன் நீலேகணி அதன் முதல் தலைவரானார். 2010 செப்டம்பர் 29-ந் தேதி, மகாராஷ்டிரத்து நந்துர்பார் ஜில்லாவில் தெம்ப்லி என்னும் பழங்குடி மக்கள் கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் எண் பெற்றோர் தொகை 100 கோடியைக் கடந்தது.

அவ்வெண்ணுக்காகக் கேட்கப்பட்டவை பெயர், பிறந்த தேதி, ஆண் பெண் முதலிய பால், விலாசம், முகப்படம், பத்து விரல், இரண்டு கருவிழி. ஜாதி கேட்கப்படவில்லை, மதமும் கேட்கப்படவில்லை. இவையிரண்டையும், இனம், மொழி, வருமானம், நோய் வரலாறு ஆகியவற்றையும் கேட்டுப் பதியலாகாதென்று 2016-ம் வருஷத்துச் சட்டமே விலக்கி வைத்திருக்கின்றது. எண்ணைப் பார்த்தும் ஒன்றும் கண்டுகொள்ள முடியாது. எஸ்டோனியா தேசத்தில் ஒருவருடைய அடையாள எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவர் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். நம் எண்ணோ குருட்டாம்போக்கில் எடுத்தது. கடைசி இலக்கம் மட்டும் பிழை கண்டுபிடிப்பதற்கான கணக்கு. பிறப்பைக் கொண்டு ஒரு கூட்டத்தாரிடம் ரேகை வாங்கிய நாட்டில், பிறப்பைக் கேளாமலே எல்லாரிடமும் ரேகை வாங்கிய கணக்கு இது ஒன்றே என்னலாம். ஜாதிச் சங்கத்துப் பத்திரிகை இதனைப் பாராட்டுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பாராட்டவே செய்கின்றோம். ஜாதிச் சான்றிதழ் வேண்டிய இடத்துக்கு அது தனியே இருக்கின்றது. அரிசி வாங்கும் இடத்தில் அது எதற்கு?

இவ்வெண் வேலை செய்யும் விதம் எளிது. கேட்கும் ஆபீஸ் எண்ணையும் விரலையும் அனுப்புகின்றது. ஆணையத்தின் கம்ப்யூட்டர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடையளிக்கின்றது. விரலுக்குப் பதிலாகக் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டும் இது நடைபெறும். இதனை அஸ்திவாரமாகக் கொண்டே 2015-ல் சான்றிதழ்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கர் வந்தது. பென்ஷன்தாரர் உயிரோடிருப்பதை விரல் வைத்து வீட்டிலிருந்தே தெரிவிக்கும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. ஹெர்ஷல் துரை ஹூக்ளியில் 1877-ல் செய்ததும் இதுவே; அன்று பென்ஷன்தாரர் கச்சேரிக்கு நடந்தார் என்பது ஒன்றே பேதம்.

ஆயின் இது மனமுவந்து பெறுவதா, கட்டாயமா? தொடக்கத்தில் விரும்பினவர் பெறலாம் என்றனர். பிறகு ஒவ்வொரு காரியத்துக்கும் கேட்டனர். சட்டமோ, எண் வழங்கத் தொடங்கி ஐந்து வருஷத்துக்குப் பின் 2016-ல்தான் வந்தது. கர்நாடக ஹைக்கோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பது பேரும் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26-ந் தேதி ஐவரில் நால்வர் ஆதார் சட்டம் செல்லும் என்றனர், சந்திரசூட் மாறுபட்டார். சர்க்கார் பணத்தால் நடக்கும் உதவிகளுக்கும் வருமான வரிக்கும் எண்ணைக் கேட்கலாம். பாங்குக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதற்கும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தமிழர்க்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. நம் முன்னோர் பெயரின் பின்னே ஜாதிப் பட்டம் இருந்தது. 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு அதனை விட்டுவிடத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மெல்ல மெல்லப் பட்டம் போய், தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாத்திரம் முன்னே நின்றது. இப்பொழுது பாஸ்போர்ட்டும் வருமான வரிக் கார்டும் குடும்பப் பெயர் என்ன என்கின்றன. ஒரு தஸ்தாவேஜில் இனிஷியல் முன்னும், மற்றொன்றில் பின்னும், வேறொன்றில் தகப்பனார் பெயர் முழுவதுமாய் விரிந்தும் இருந்தால், கம்ப்யூட்டர் மூவரையும் வேறு வேறு மனிதராய்க் கொள்ளும். வருமான வரிக் கார்டை ஆதாரோடு இணையாதவர்களின் கார்டு 2023 ஜூலை முதல் செல்லாமற்போனபோது, இப்பெயர்ப் பொருத்தமின்மையாலேயே நம்மவர் பலர் அலைந்தனர். ஆதாரில் பெயர் ஒரே கட்டத்தில் எழுதப்படுவதால் அங்கே இனிஷியலுக்கு இடமுண்டு. பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றிலும் எழுதச் செய்தல் நலம்.

இவற்றினும் பெரிய குறை வேறு. உழைப்பவன் விரல் தேயும். கொத்தனார் கையைச் சுண்ணாம்பும் சிமெண்டும் அரிக்கின்றன. நாற்று நடுகிறவள் கையைச் சேறு அரிக்கின்றது. வயோதிகர் விரலில் ரேகை மங்கிவிடுகின்றது. இந்திய சர்க்காரின் 2016-17-ம் வருஷத்துப் பொருளாதார ஆய்வறிக்கையே, விரல் பொருந்தாமற்போனவை ஜார்க்கண்டில் 100-க்கு 49, ராஜஸ்தானில் 100-க்கு 37 என்று எடுத்துக்காட்டிற்று. பேனா பிடிப்பவன் விரல் முதல் தடவையிலேயே பொருந்துகின்றது. மண்வெட்டி பிடிப்பவன் விரல் பொருந்துவதில்லை. எவனுக்காக இந்த ஏற்பாடோ அவனையே அது அடையாளம் காணாது போகின்றது. விரல் பொருந்தாத ஒரே காரணத்தால் உரியதை மறுக்கலாகாதென்பதும், கருவிழி, ஓ.டி.பி., வேறு அத்தாட்சி இவற்றால் கொடுக்கவேண்டுமென்பதும் விதியாய் இருக்கின்றன. கடைக்காரர் ‘விழவில்லை, நாளைக்கு வா’ என்றால், இந்த விதியைச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. படித்த பிள்ளைகள் தம் வீட்டாரோடு நில்லாமல் தெருவாருக்கும் இதற்குத் துணைபோகலாம்.

மற்றொன்று, திருட்டு. 2018-ல் தெலுங்கானாவில் ஒருவன், பத்திரப் பதிவு இலாகா இணையத்தில் வைத்திருந்த கிரயப் பத்திரங்களிலிருந்து கட்டைவிரற் பதிவுகளை எடுத்து ரப்பரில் அச்சுச் செய்து, அவற்றைக் கொண்டு கைபேசி இணைப்புகளை எடுத்துவிட்டான். வேறு மாநிலங்களில் இப்படி அச்செடுத்த விரலால் பாங்குப் பணமும் போயிருக்கின்றது. பூட்டுச் சாவி களவு போனால் வேறு சாவி செய்யலாம். விரல் களவு போனால் வேறு விரல் ஏது? நிலம் கிரயம் செய்து பத்திரத்தில் ரேகை வைத்தவர் நம் குடும்பங்களில் மிகப்பலர். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலும் கைபேசிச் செயலியிலும், ரேகையையும் கருவிழியையும் நாமே பூட்டி வைத்து, வேண்டியபோது மாத்திரம் திறந்துகொள்ளும் வசதி இருக்கின்றது. அதற்குக் காசு கிடையாது. ஆதாரோடு சேர்த்த கைபேசி எண் ஒன்று இருந்தாற் போதும்.