புத்தளக் கரையின் சுண்ணாம்பும் சீமெந்தும்

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கோட்டை முருகைக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தது. கடல் தந்த கல்லையே சூளையிலிட்டுச் சுட்டுச் சாந்தாக்கிய காலம் அது. அச்சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகியது. அதற்கு ஆண்டுகள் பல சென்றன. அவசரம் அக்காலக் கொத்தருக்கு இருக்கவில்லை போலும்.

மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், 1970இல், அதே மாவட்டத்துப் பாலாவிப் பகுதியில் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் போரினால் நின்றுபோன ஆலைக்குப் பின் அமைந்த பேராலை இது. அருவக்காட்டில் அகழ்ந்த சுண்ணாம்புக்கல் இருப்புப்பாதை வழியாக ஆலையை வந்தடைந்தது. ஆலை திறக்கப்பட்ட ஆண்டு, உரிமையாளர் மாறிய ஆண்டு ஆகியவற்றோடு கைத்தொழில் வரலாறு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. சீமெந்தினுள்ளே நிகழ்ந்த மாற்றமும் வரலாறே என்பது கவனிக்கப்படுவதில்லை.

1824இல் இங்கிலாந்தின் யோசேப்பு அசுப்டின் உரிமை பெற்ற போட்லண்டுச் சீமெந்து ஏன் இறுகுகின்றது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. 1887இல் பிரான்சிய வேதியியலாளர் இலெ சாத்தலியே நுணுக்குக்காட்டியின் துணையுடன் அதனை ஆராய்ந்தார். ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுடப்பட்ட கட்டியிலுள்ள கல்சியஞ் சிலிக்கேற்றுக்கள் நீருடன் சேர்ந்து இரு பொருள்களைத் தருகின்றன. ஒன்று பசை போன்ற, வலிமை தரும் புதிய சிலிக்கேற்று. மற்றையது தகடு தகடாகப் படியும் சுண்ணாம்பு, அதாவது கல்சியமைதரொட்சைட்டு. இறுகிய திண்மப் பொருளில் இச்சுண்ணாம்பு ஐந்திலொரு பங்களவாகும். வலிமைக்கு அது பெரிதும் உதவுவதில்லை. நீரிற் கரைந்து வெளியேறக்கூடியது. சல்பேற்றுக்கும் எளிதில் இரையாவது. கோட்டைச் சுவரில் முழுப்பணியும் ஆற்றிய சுண்ணாம்பு, புதிய சீமெந்தில் வேலையற்ற மிச்சமாயிற்று.

இம்மிச்சத்துக்கு வேலை கொடுப்பது இரும்பாலைக் கழிவாகிய ஊதுலைக் கசடு. உருகிய கசட்டை நீரூற்றித் திடீரெனக் குளிர்வித்தால் அது பளிங்காக மாறாது கண்ணாடி நிலையில் நின்றுவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை தூண்டியவிடத்து அத்தகைய கசடு இறுகும் என்பதை 1862இல் செருமனியர் எமில் லாங்கன் கண்டார். கசடு தானும் கரைந்து, மிச்சச் சுண்ணாம்பிற் பகுதியையும் உட்கொண்டு, மேலும் சிலிக்கேற்றுப் பசையை விளைவிக்கின்றது. முன்பு நீர் நின்ற நுண்டுளைகளை அப்பசை அடைக்கின்றது. கசட்டிலுள்ள அலுமினாவோ உட்புகும் குளோரைட்டிற் பகுதியைப் பிணித்துவைக்கின்றது.

உப்புக்காற்று ஓயாத புத்தளக் கரையில் இதன் பொருள் பெரிது. கொங்கிறீற்றினுள் நுழையும் குளோரைட்டு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, பருத்த துரு மேற்பூச்சைப் பிளக்கின்றது. துளை நுண்ணிதாயின் அந்நுழைவு தாமதமாகும். ஆயின் கசடு மெதுவாகவே வினைபுரிவது. நீரூற்றிப் பல நாள் ஈரங்காக்க வேண்டும். வெயிலும் காற்றும் மிகுந்த இக்கரையில் மூன்றாம் நாளே ஈரங்காப்பதை நிறுத்தினால், நுண்டுளை அடைபடாது எஞ்சும். பழைய கொத்தரின் பொறுமையைப் புதிய பொருளும் கேட்கின்றது.

இலங்கையில் இரும்புத்தாது உருக்கும் ஊதுலை இல்லை. எனவே கசடு கடல்கடந்தே வரவேண்டும். ஆயின் 2011இல் மின்னாக்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் எரிசாம்பல் கசட்டுக்கு நெருங்கிய உறவுடையது. அதில் கல்சியம் குறைவாதலால் தானாக இறுகாது. சீமெந்தின் மிச்சச் சுண்ணாம்பை நாடியே பசையாகின்றது. காற்றிற் பரவி அயற் கிராமத்தவரின் முறைப்பாட்டுக்கு உள்ளான சாம்பலும் இதுவே. ஆலையிற் சேர்வதும் முற்றத்திற் படிவதும் ஒரே பொருள் என்பதைக் கிராமத்தவர் எவரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை.

ஒரு தொன் சுட்ட கட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் மூலப்பொருள் செல்லும். அதிற் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். சாம்பலோ கசடோ சேர்ந்த அளவுக்கு அருவக்காட்டில் அகழ்வும் குறையும். அங்கு முன்னரே அகழப்பட்ட நிலத்திற் கொழும்பின் குப்பையைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018இற் போராடினர். 2019இற் குப்பை வந்து சேர்ந்தது.