தேவரா வகுப்பும் ஏர்வாடிச் சங்கிலியும்

"பொண்ணு சைக்காலஜி படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, என்ன சொல்றீங்க?" துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போட்டு என்னிடம் கேட்பது இதுதான். இங்கே கொச்சியில், தேவரா பக்கம், இளங்கலைப் பிள்ளைகளுக்கு கிளினிக்கல் சைக்காலஜியும் ஹெல்த் சைக்காலஜியும் சொல்லித் தருவது என் பிழைப்பு. அதனால் பதில் என்னிடம் ரெடியாக இருக்கும் என்று நம்புகிறார்கள். இருந்தது, ஒரு காலத்தில்.

கிளினிக்கல் சைக்காலஜி முதல் வகுப்பை நான் எப்போதும் 1896-இல் ஆரம்பிப்பேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். ஸ்பெல்லிங் சுத்தமாக வராத ஒரு பையனை ஒரு பள்ளி ஆசிரியை லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம் கூட்டிக்கொண்டு வருகிறார். அங்கேதான் உலகின் முதல் உளவியல் கிளினிக் பிறந்தது. பாடப்புத்தகமே அப்படித்தான் தொடங்குகிறது. பிள்ளைகளும் சமத்தாக எழுதிக்கொள்வார்கள்.

இந்தியா பற்றி அரை மணி நேரம் ஓட்டுவேன். 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதல் துறை. அதை நடத்திய நரேந்திரநாத் சென்குப்தா ஹார்வர்டில் படித்தவர். 1924-இல் மைசூர், எம்.வி.கோபாலஸ்வாமி. (இவர் கதை தனிக்கதை. 1935-இல் மைசூரில் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்தவர். 'ஆகாசவாணி' என்ற பெயர் ஒலிக்கத் தொடங்கியது அங்கேதான்.) 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகம், ஜி.டி.போவாஸ். எல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூட உளவியல். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து, எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொள், அந்த வகை. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் படிப்பு வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. 1946-இல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது மனநல மருத்துவமனைகளில் இருந்தவை மொத்தமாகச் சுமார் 10,000 படுக்கைகள்தான். அந்தக் கமிட்டி சொன்னதை வைத்துத்தான் 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. இன்றைய நிம்ஹான்ஸ். 1955-இலேயே அங்கே மருத்துவ உளவியலில் டிப்ளமா தொடங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் முடிந்து மனநலச் சட்டங்களுக்கு வந்தேன். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைக் கூரைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். விடிகாலையில் தீ. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், கேள்விப்பட்டதே இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது, இதைப் பரீட்சைக்குக் கேட்பார்கள் என்று சொல்லி முடித்தேன்.

மணி அடித்ததும் ஒரு பெண் நின்றாள். தோப்பும்படி பாலம் தாண்டி மட்டாஞ்சேரியிலிருந்து வருகிற பிள்ளை. பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்.

"சார், எங்க சின்னத் தாத்தா ஏர்வாடியில இருந்தாராம். தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அப்ப எங்க வீட்ல செஞ்சது தப்பா சார்?"

சட்டப்படி பதில் சொல்லலாம். வாய் வரவில்லை. நாளைக்குப் பேசலாம்மா என்று அனுப்பிவிட்டேன். எத்தனை வருஷம் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம்!

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் நோட்ஸில் குடும்பம் என்பதே நோய்க்குக் காரணமாக மட்டும் வருகிறது என்று உறைத்தது. அமெரிக்கப் புத்தகத்தில் நோயாளி தனியாக வருவார், தனியாகப் பேசுவார், தனியாகப் போவார். நம் ஊரில் டோக்கன் வாங்க அண்ணன், பேச அம்மா, வெளியே பெஞ்சில் மாமா. மறுநாள் விட்மரை ஓரமாக வைத்துவிட்டு வேலூரிலிருந்து ஆரம்பித்தேன்.

வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம், பாகாயம், 1957. தொடங்கி வைத்தவர் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். அங்கே நோயாளியைத் தனியாகச் சேர்ப்பதில்லை, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அதே காலகட்டத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை மைதானத்தில் கூடாரம் போட்டு குடும்பங்களைத் தங்கவைத்தார். ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட இருந்து பார்த்த அம்மாவுக்கு நோய் என்னவென்று புரிந்தது, வீட்டுக்குப் போன பிறகும் மாத்திரையை விடவில்லை. தனிச் சிகிச்சை முறையாகவே இதைச் சொல்லித்தரலாம். நான் வருஷக்கணக்கில் ஒற்றை வரியில் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஹெல்த் சைக்காலஜியிலும் இதே கதைதான். 1977-இல் ஜார்ஜ் எங்கல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் தொடங்குவோம்: உடம்பு, மனசு, சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும் என்று. நல்ல கட்டுரை. ஆனால் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி நிவாரண கிளினிக் தொடங்கி, பிறகு அக்கம்பக்கத்து ஆட்களே புற்றுநோயாளிகளின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசும் அளவுக்கு அது வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. பக்கத்து மாவட்டங்களில் நடந்ததை விட்டுவிட்டு அமெரிக்காவை மனப்பாடம் பண்ண வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, போன் போட்டவர்களுக்கு: தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்த கையோடு போர்டு மாட்ட முடியாது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தபிறகு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள அதற்கான பயிற்சியும் பதிவும் வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சேரும்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த மட்டாஞ்சேரிப் பெண்ணுக்கு வருவோம். செமஸ்டர் அசைன்மென்டுக்கு அவள் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பெயர்களை எடுத்துவிடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஏர்வாடியில் சின்னத் தாத்தாவைத் தனியாக விடவில்லையாம். பாட்டி பக்கத்திலேயே வாடகைக்குக் குடிசை எடுத்து மூன்று மாதம் சமைத்துப் போட்டிருக்கிறார். கைக்காசு தீர்ந்த அன்றைக்குத்தான் சங்கிலிக்குச் சம்மதித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். ஒரு வருஷம் கழித்துக் கடன் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்க் கூட்டி வந்திருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் வேலூரைப் பற்றி ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லை என்று பாட்டி சொன்னாராம்.