சோலைக்கிளி: ஒரு பறவை இனங்காணப்பட்ட வரலாறு

சோலைக்கிளி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலைக்காடுகளில் மட்டும் வாழும், பூச்சியுண்ணும் சிறு பறவையாகும். பெயரில் கிளி இருந்தாலும் இது கிளியினத்தைச் சேர்ந்ததன்று. மலையாளத்தில் பறவைகளைப் பொதுவாகக் கிளி என்பர்.

அடையாளம்

இப்பறவை ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுடையது, கால்கள் நீண்டவை. சோலையின் இருண்ட தரையிலும் தாழ்ந்த புதர்களிலும் பூச்சிகளைத் தேடித் திரியும். சில வேளை சிறு பழங்களையும் உண்ணும். முதுகும் மார்பும் கருநீலமாகவும், வயிற்றின் நடுப்பகுதி வெண்மையாகவும் இருக்கும். கண்ணுக்கு மேல் வெளிர்நிறப் புருவக்கோடு உண்டு.

இதில் இரண்டு இனங்கள் உள்ளன. விலாப்பகுதி செம்பழுப்பாக இருந்தால் அது நீலகிரிச் சோலைக்கிளி. நீலச்சாம்பலாக இருந்தால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. முன்னது பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, பிரம்மகிரி போன்ற மலைகளிலும், பின்னது தெற்கே ஆனைமலை, பழனிமலை முதலியவற்றிலும் வாழ்கிறது.

வகைப்பாட்டு வரலாறு

சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1840களில் நீலகிரிப் பறவையை முதன்முதலில் விவரித்தார். 1868இல் பிளான்ஃபோர்டு பழனிமலைப் பறவையைத் தனி இனமாக விவரித்தார். ஆனால் 20ஆம் நூற்றாண்டு நூல்கள் பல, இரண்டையும் ஒரே இனமாக்கி, இமயமலையிலும் தென்கிழக்காசியாவிலும் காணப்படும் பிராக்கிப்டெரிக்ஸ் பேரினத்தில் சேர்த்தன. உருவ ஒற்றுமையே அதற்குக் காரணம்.

2005இல் வெளியான ராஸ்முசென், ஆண்டர்டன் ஆகியோரின் தெற்காசியப் பறவை நூல் இவற்றை மீண்டும் இரண்டு இனங்களாகப் பிரித்தது. கணவாயின் இருபுறமும் வாழும் இப்பறவைகள் மிக நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்துவிட்டன என்பதை 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. இவை ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய உறவுடையவை என்றும் தெளிவானது. எனவே 2017இல் இவற்றுக்கெனச் சோலிகோலா என்னும் புதிய பேரினம் அமைக்கப்பட்டது. மலைமக்கள் வழங்கும் 'சோலை' என்னும் சொல் இவ்வாறு அறிவியல் பெயரில் இடம்பெற்றது.

பாதுகாப்பு

இரண்டும் ஒரே இனமாகக் கருதப்பட்டவரை, ஒரு மலையில் அழிந்தாலும் மற்றொரு மலையில் எஞ்சும் என எண்ண இடமிருந்தது. தனித்தனி இனங்கள் என்றான பின், நீலகிரியில் ஏற்படும் இழப்பைப் பழனிமலைப் பறவை ஈடுசெய்ய முடியாது. தேயிலைத் தோட்டங்களும் சீகை, தைல மரக் காடுகளும் சோலைகளைத் துண்டாடியுள்ளன. இன்று நீலகிரிச் சோலைக்கிளி அருகிய இனமாகவும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அழிவாய்ப்பு இனமாகவும் பட்டியலிடப்பட்டுள்ளன. எஞ்சிய சோலைகளைக் காப்பதே இவற்றைக் காக்கும் வழியாகும்.