டம்டம்: ஊர்ப்பெயர் படைக்கலப் பெயரான வரலாறு

கொல்கத்தாவின் வடபுறத்தே அமைந்த டம்டம் என்னும் ஊர்ப்பெயர், உயர்ந்த மண்மேட்டைக் குறிக்கும் ‘தம்தமா’ என்னும் சொல்லின்வழி வந்தது என்பர். 1890களில் அங்கிருந்த ஆங்கிலேயரின் படைக்கலச் சாலையில் காப்டன் பெர்ட்டி கிளே உருவாக்கிய, முனையில் ஈயம் வெளித்தெரியும் தோட்டா, அவ்வூர்ப்பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று.

இதனை வெடிக்கும் குண்டு எனக் கொள்ளுதல் பொருந்தாது. இது வெடிப்பதன்று, உடலுள் பாய்ந்தபின் முனை விரிந்து புண்ணைப் பெருக்குவது. போரில் 400 கிராமிற்குக் குறைந்த வெடிக்கும் குண்டுகளை 1868ஆம் ஆண்டுப் பீட்டர்ஸ்பர்க் பிரகடனமும், விரியும் தோட்டாக்களை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனமும் தனித்தனியே விலக்கின. பின்னதன் வாசகத்தில் டம்டம் என்னும் பெயர் இல்லை. வழக்கிலோ அப்பெயரே நிலைத்தது.

தமிழில் ‘வெடித்தல்’ நிலம் பிளத்தலையும் மருந்து வெடித்தலையும் ஒருங்கே குறிக்கும். ஆதலின் இரு தடைகளும் மயங்காதிருக்க, ‘விரியும் தோட்டா’ என்பதே தகுந்த ஆக்கமாகும்.