தொக்கணம் ஒன்பது: கைத்தொழிற் பெயர்களின் வரலாறு

நோயுற்ற உறுப்பைக் கையால் தடவுதலும் பிடித்தலும் மக்களினம் முழுமைக்கும் பொதுவான செயல்கள். வலித்த இடத்திற்குக் கை தானே செல்லும். ஆயினும், அச்செயலைக் கூர்ந்து நோக்கி, வகை செய்து, வகைக்கொரு பெயரிட்டுக் கற்பிக்கத்தக்க கலையாக ஆக்கிய முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரு மரபு எதற்குப் பெயரிட்டது என்பதைக் கொண்டு, அது எதனை முதன்மையாகக் கருதிற்று என்பதை உணரலாம். சித்த மருத்துவம் கூறும் தொக்கணத்தை இவ்வகையில் ஆராய்ந்து, அதன் பெயர்மரபு தமிழ் நூல்வழக்கில் எவ்விடத்தைச் சார்ந்தது என்று காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொக்கணத்தின் வகைகள்

சித்த மருத்துவர் மருந்தினை அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு எனப் பகுப்பர். ஒற்றடம், பற்று, வேது, பொட்டணம் முதலியவற்றோடு தொக்கணமும் புறமருந்துகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். எண்ணெய் இட்டும் செய்யலாம், இடாமலும் செய்யலாம். பக்கவாதம், மூட்டுப்பிடிப்பு, கழுத்துவலி முதலிய வாதநோய்களுக்கு இஃது உரியதாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வொன்பது பெயர்களையும் நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, இவை அனைத்தும் தொழிற்பெயர்கள். 'அல்', 'தல்' என்னும் ஈறு பெற்ற இவற்றுள் வடசொல் ஒன்றேனும் இல்லை. 'தொக்கு' என்பது தோலைக் குறிக்கும் வடமொழித் திரிபாகச் சைவ சித்தாந்த நூல்களில் ஐம்பொறிகளுள் ஒன்றன் பெயராய் வழங்குகின்றது. தொக்கணம் என்னும் பொதுப்பெயரை அதனோடு இயைத்துக் கூறுவாரும் உளர். அவ்வியைபு பொருந்துமாயின், தலைப்பு நூலோர் இட்டதென்றும், உட்பிரிவுகள் தொழில் செய்தார் நாவில் வழங்கியவை என்றும் கருத இடமுண்டு.

இரண்டாவது, இப்பெயர்களுள் ஒன்றும் மருந்தின் பெயரன்று; நோயின் பெயரும் அன்று; பயனின் பெயரும் அன்று. அனைத்தும் கை செய்யும் செயலையே குறிக்கின்றன. இதன் அருமையைப் பிற மரபுகளோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

பிற மரபுகள்

சுசுருத சங்கிதை, அன்றாட ஒழுக்கங்களைக் கூறுமிடத்து, எண்ணெய் பூசுதலாகிய அப்பியங்கத்தையும், உடலைத் தேய்க்கும் உத்துவர்த்தனத்தையும், மெல்லப் பிடித்துவிடுதலாகிய சம்வாகனத்தையும் வேறு வேறாக எடுத்தோதி, ஒவ்வொன்றன் பயனையும் கூறுகின்றது. சம்வாகனம் உறக்கம் தரும், களைப்பை நீக்கும் என்பது போல்வன அப்பயன்கள். ஆங்கே பகுப்பிற்கு அடிப்படை, பூசும் பொருளும் விளையும் பயனுமே ஆகும். கேரள நாட்டு வழக்கில், எண்ணெயில் தோய்த்த துணியை உடல்மேற் பிழிவது பிழிச்சில் எனவும், ஞவரை அரிசியைப் பாலிட்டு வேகவைத்துக் கிழியாகக் கட்டித் தேய்ப்பது ஞவரக்கிழி எனவும் பெயர் பெறும். இவற்றுள்ளும் பெயர்க்கு நிலைக்களம் பொருளும் கருவியும் ஆதல் காண்க. எண்ணெயின் வெம்மையையும் மருந்தின் ஊறலையும் நாடுவோர் இம்முறைகளையே நாடுவர்.

கையின் செயலுக்குப் பெயரிட்ட மற்றொரு மரபு ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிற்று. இன்று உலகெங்கும் 'சுவீடிய முறை' எனப்படுவது அதுவே. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்த்தல் என்னும் ஐந்து செயல்கள் அதற்கு அடிப்படை. இதனைப் பேர் என்றிக்கு லிங் (1776-1839) என்பார் கண்டதாகப் பலரும் கூறுவர். அவர் 1813இல் சுடாக்கோமில் உடற்பயிற்சிக்கென அரசு நிறுவனம் ஒன்றை அமைத்தவர். அவர்தம் முதன்மையான பணி உடலியக்கப் பயிற்சியே. அச்செயல்களைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் பரவுதற்குக் காரணமானவராக ஆம்சுடர்டாம் நகரத்து மருத்துவர் யோகான் கியோர்க்கு மெட்சுகர் (1838-1909) என்பாரையே வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் கணுக்காற் சுளுக்கைத் தேய்த்துத் தீர்த்தல் பற்றி 1868இல் ஆய்வேடு எழுதியவர். சுவீடனிலோ அம்முறையைச் 'செவ்வியல் முறை' என்றே வழங்குவர். தொழில் ஒருவருடையது, புகழ் மற்றொருவருடையது என்னும் நிலை அங்கும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

இவ்வைந்தையும் தொக்கணம் ஒன்பதையும் ஒப்புநோக்கின் வேறுபாடு தெற்றென விளங்கும். தட்டுதல் இரண்டிலும் உண்டு. ஐரோப்பிய முறையில் தலைமை பெற்ற நீவுதல் ஒன்பதனுள் தனிப்பெயராக இடம்பெறவில்லை. முறுக்கல், இழுத்தல், மல்லாத்துதல் என்பன ஐந்தனுள் இல்லை. முன்னது பெரும்பாலும் தசையை நோக்கியது. பின்னது தசையோடு மூட்டையும் நோக்கியது. ஆகவே, சுவீடிய முறையை நாடுபவர் தசையின் தளர்ச்சியையும் அமைதியையும் எதிர்பார்க்கலாம். தொக்கணத்தை நாடுபவர் உறுப்பு இழுக்கப்படுதலையும் திருப்பப்படுதலையும் எதிர்பார்த்தல் வேண்டும். இதனாலேயே எலும்பு முறிவு, குருதிக்கட்டு, காய்ச்சல் முதலியன உடையார்க்கு இது செய்யத்தகாது. பயனைப் பற்றியும் மிகையாகக் கூறுதல் கூடாது. இடுப்புவலிக்கு உடற்பிடிப்பு மருத்துவம் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, அதனால் குறுகிய காலத்து வலித்தணிவு உண்டாகலாம் என்றும், சான்றுகள் வலிமை குறைந்தவை என்றும் கூறுகின்றது.

இலக்கியச் சான்று

தொக்கணம் கூறும் மருத்துவ நூல்கள் மொழிநடையாற் பிற்காலத்தன. ஆயினும், கைத்தொழிலைத் தொழிற்பெயரால் வகுத்துரைக்கும் வழக்கம் தமிழில் மிகப் பழமையானது. அதற்குச் சிலப்பதிகாரம் சான்று பகரும்.

கடலாடு காதையில் மாதவி நீராடுமிடத்து, பத்துவகைத் துவரும், ஐவகை விரையும், முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீர் கூறப்படுகின்றது. அடியார்க்கு நல்லார் அவற்றைப் பெயர் பெயராக எடுத்துக் காட்டுவர். அங்குள்ளன யாவும் பொருள்கள். அவற்றை அவள் உடலிலும் கூந்தலிலும் இட்ட கைகள் என் செய்தன என்பதற்குப் பெயரில்லை. அதனை அடுத்த கானல்வரியில் அவளே யாழைக் கையிலெடுக்கின்றாள். அங்குப் பொருட்பட்டியல் மறைந்து கைத்தொழிற்பட்டியல் தோன்றுகின்றது. பண்ணல், தைவரல் முதலிய கலைத்தொழில் எட்டும், வார்தல், வடித்தல், உந்தல், உருட்டல் முதலிய இசைக்கரணம் எட்டும் ஆண்டுக் கூறப்படுகின்றன.

இவ்விசைக்கரணப் பெயர்களும் தொக்கணப் பெயர்களும் ஒரே சொல்லாக்க நெறியின. யாழ்நரம்பின்மேற் கை செய்வதும், மனித நரம்பின்மேற் கை செய்வதும் ஒரே முறையிற் பெயர் பெற்றுள்ளன. நரம்பு என்னும் சொல்லே இரண்டிற்கும் பொதுவாய் நிற்றல் கருதத்தக்கது. தைவரல் என்பது தடவுதற்கும் யாழ் தடவுதற்கும் உரிய சொல்லாய்ச் சங்கச் செய்யுட்களிலும் பயில்வது. இதனால் யாழ்நூலிலிருந்து மருத்துவம் கடன் கொண்டது எனல் பொருந்தாது. கைவினையாளர் தம் செயலைத் தாமே பெயரிட்டு மாணவர்க்கு உரைத்த பொதுமரபின் இரு கிளைகள் இவை எனலே பொருந்தும்.

உரை பெற்றதும் பெறாததும்

ஆயின், இவ்விரு கிளைகளும் ஒரே பேறு பெறவில்லை. பழைய உரை, வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் விளக்குகின்றது. யாழ் வழக்கொழிந்த பின்னும் அதனை மீட்டிய விரல் இன்னதென நாம் அறிகின்றோம். தொக்கணம் வழக்கில் இருந்தும், அதற்கு அத்தகைய உரை வாய்க்கவில்லை. கைகட்டல் என்பது நோயாளியின் கைகளைக் கட்டிச் செய்வதா, மருத்துவன் தன் கைகளைக் கோத்துச் செய்வதா? சொல்லளவில் நின்று நோக்கின் இரு பொருளும் பொருந்தும். எது சரி என்பதைச் செய்வார் கையே காட்டவல்லது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் சமூகத்தில் உளது. வீரராசேந்திர சோழன் காலத்து (11ஆம் நூற்றாண்டு) திருமுக்கூடல் கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயருடைய பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைக் கூறுகின்றது. மருத்துவன் பெயர் அதில் உண்டு. மருந்துகளின் பெயர்கள் உண்டு. அவற்றுள் தைலங்களும் உள. மருந்து அடும் பெண்டுகளும் நாவிதனும் ஆண்டுப் பணியாளராக எண்ணப்படுகின்றனர். அவர்களுடைய பெயர் இல்லை. தைலத்திற்குப் பெயருண்டு, அதனை நோயாளியின் உடலில் தேய்த்த கைக்குப் பெயரில்லை. தமிழகத்தின் பல பகுதிகளில் புண் கட்டுதல், பேறு பார்த்தல், உடல் பிடித்தல் ஆகியவற்றை நாவிதர் குலத்தாரே செய்துவந்தனர். மருத்துவர், பரியாரி என்னும் குலப்பெயர்கள் இதற்குச் சான்றாய் எஞ்சி நிற்கின்றன. தாழ்ந்தோராக வைக்கப்பட்டோர் கலைக்கு உரையாசிரியர் தோன்றாமை வியப்பன்று, வருந்தத்தக்கது.

ஆராய்ச்சி மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உடல் தொடும் தொழிலைப் பரம்பரையாகச் செய்யும் முதியோரையும், கன்னியாகுமரி மாவட்டத்து வருமக்கலை ஆசான்களையும் அணுகி, அவர்கள் வழங்கும் தடவுமுறைச் சொற்களைச் செயலோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். எந்த விரல், எந்தத் திசை, எவ்வளவு அழுத்தம் என்பன சொல்லின் பொருளாக எழுதப்படல் வேண்டும். அரும்பத உரைகாரர் யாழுக்குச் செய்த பணியை மனித உடலுக்குச் செய்வதே அது. ஒன்பது சொற்களை நூல்கள் காத்துத் தந்தன. அவற்றின் பொருளை இன்னும் சில கைகள் காத்து நிற்கின்றன. அக்கைகள் ஓயுமுன் உரை எழுதப்படுதல் வேண்டும்.