சிறை

இன்று ‘சிறை’ என்றதும் கம்பிக் கதவுதான் கண்முன் வருகிறது. பழந்தமிழில் அது பறவையின் இறகு, காவல், பக்கம், அணை எனப் பல பொருள் தந்த சொல். தனியொருவனாகப் பகைப்படையைத் தடுத்து நிற்கும் வீரனுக்கு, பாய்ந்துவரும் வெள்ளத்தைத் தாங்கும் ‘கற்சிறை’யை உவமை சொல்கிறது தொல்காப்பியம். கல்லால் ஆன அணை. தஞ்சைக்காரர்களுக்கு உடனே கல்லணை நினைவுக்கு வரும். அங்கே தண்ணீர் அடைந்து கிடப்பதில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து போகிறது.

மனிதரை வைக்கும் சிறையில்தான் மதகு திறப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டின் கைதிகளில் சுமார் 76 விழுக்காட்டினர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். இது பெரிய அநியாயம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இப்பிரிவு பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம், அதே ஆண்டு ஆகஸ்டில். விடுவிக்கக் கோரி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர்.